‘இருந்தாராம்’ என்பதற்கு இங்கிலீஷில் என்னங்க டீச்சர்?

ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பையன்கள் பயந்து நகர்ந்து நகர்ந்து அவருக்கு விட்ட இடத்தில் இன்னும் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் உட்காரலாம். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியொன்றும் வெயில் இல்லை. சந்தைக்குப் போகிற வண்டியிலிருந்து கொத்தமல்லி வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

மாதம்மாள் எழுந்து நின்றாள். அன்றைக்கென்று இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, எங்கிருந்தோ இரவல் வாங்கிய ரிப்பன் வைத்திருந்தாள்.

“சார், தேர் வாஸ் ஒன் பேர், இட் சீம்ஸ்” என்றாள்.

பேர் என்றதும் ஆள் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். கரடி. ஒரு கரடி இருந்ததாம்.

அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். வகுப்பில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். நான் கரும்பலகை ஓரமாகச் சாக்பீஸைக் கைக்குள் நசுக்கிக்கொண்டு, மாதாவே, இந்தப் பெண் மேலே பேசட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். என் வேலையும், அந்த வேலையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்த என் கல்யாணமும் அந்த நேரத்தில் ஒரு கரடியின் கையில் இருந்தன.

சிரிக்காதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பையோடு வருகிற மாப்பிள்ளை

அறுபதுகளின் பிற்பாதி. சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரியைத் தனி ஜில்லா ஆக்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஹைஸ்கூல். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வரப்போகிற கணக்கு வாத்தியாரின் மகன் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்று கேள்வி. ஒரு வாசகரை இழக்க எனக்கு மனசில்லை.

அங்கே என்னை இங்கிலீஷ் டீச்சராகப் போட்டிருந்தார்கள். தற்காலிகம்தான். அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் வேலை தொடரும். இல்லாவிட்டால் பிலோமினா டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

அப்பாவுக்கு இண்டூர்ப் பக்கம் நிலம். கேழ்வரகு, நிலக்கடலை, கிணறு கைகொடுத்தால் கொஞ்சம் நெல். பூசைக்கு முதல் மணி அடிப்பதற்குள் கோயிலில் போய் நிற்கிறவர். பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்ததற்காக உறவுக்காரர்களிடம் நன்றாகப் பேச்சு வாங்கியவர். படிப்பு வரைக்கும் அவர் என் பக்கம். வேலை என்று வந்ததும் உறவுக்காரர்கள் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் மாறி மாறி என்னைப் பார்க்க வருவார். கையில் ஒரு துணிப்பை. பையில் ராகி மாவு இருக்கும், கடலை உருண்டை இருக்கும், கட்டாயம் ஒரு மாப்பிள்ளையும் இருப்பார்.

“சேலத்துல வேல. தங்கமான குடும்பம். ஞாயித்துக்கெழம பூச தவறமாட்டாங்க. பொண்ண வேலைக்கு மட்டும் அனுப்பமாட்டாங்களாம்.”

“அப்ப நான் என்னா பண்றதாம்?”

“வூட்டப் பாத்துக்கறதாம்.”

“அதான் வூடு அங்கயே இருக்குதே. எங்க ஓடிப்போயிரப் போவுது? அதப் பாத்துக்க ஒரு ஆளா?”

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைப்பார். பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. “இந்த வேல நெலச்சுதுன்னா நான் வாயத் தெறக்கல. நெலைக்கலைன்னா தபசு காலம் முடிஞ்ச கையோட ஓலை வாசிச்சிரலாம், ஆமா.”

தபசு காலம் என்றால் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், அப்போது கல்யாணம் நடக்காது. ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் அறிவிப்பது. கல்யாணப் பெண்ணே எழுந்து ஆட்சேபம் சொல்லலாமா என்று ஒருமுறை சாமியாரிடமே கேட்டேன். அவர் எனக்கு ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

அந்தச் சேலத்துக்காரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்லவராகவே இருந்திருப்பார். ஆனால் எனக்கு அந்த வகுப்பறை வேண்டும். கையெல்லாம் சாக்பீஸ் தூளும், தொண்டை வறண்டு போகிற நாலாவது பீரியடும், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற அந்தப் பிள்ளைகளும் வேண்டும். அதை யாரோ வந்து எழுதிவிட்டுப் போகிற இரண்டு வரி பிடுங்கிக்கொள்ளும் என்று நினைத்தால் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

தேங்க்யூ, சிட் டவுன்

என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். முற்றுப்புள்ளி வருகிற இடத்தில் மூச்சு விட மாட்டார்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பார்கள். அவ்வளவுதான் குறை.

பேசச் சொன்னால்தான் வம்பு. “வேர் இஸ் யுவர் ஹவுஸ்?” என்று கேட்டால், தலையைக் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்ப்பார்கள். வீடு அங்கேயா இருக்கிறது?

ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனோம். மீன் வறுக்கிற கடை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டு வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார். மிளகாய் காரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. பாவம், ஆனால் தட்டை விடவில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. வகுப்புத் தலைவனைத் தள்ளிவிட்டேன். “போய்ப் பேசுடா. இத விட்டா வேற வெள்ளைக்காரன் எப்ப கெடைப்பான்?”

பையன் நேராகப் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சார், வாட் இஸ் தி டைம்?” என்றான். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வெள்ளைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, சிரித்த முகமாக மணி சொன்னார்.

பையன் சொன்னான்: “வெரி குட். தேங்க்யூ. சிட் டவுன்.”

அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பையன் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவன் பிறந்ததிலிருந்து காதால் கேட்ட இங்கிலீஷ் அவ்வளவுதான். டீச்சர் கேள்வி கேட்பார், ஒருத்தர் பதில் சொல்வார், பிறகு உட்காரச் சொல்வார். இவன் டீச்சர் வேஷத்தை எடுத்துக்கொண்டான், அவ்வளவே. அவனுக்கு அந்த வேஷத்தைக் கற்றுக்கொடுத்தது நான்தானே என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு குரல். வளைந்து, இறங்கி, மிரட்டி, கிசுகிசுத்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தது. சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் மாதம்மாள். வகுப்பில் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்துப் பெண் சொல்ல வேண்டும், அந்த மாதம்மாள்.

அடி பாவி, இவ்வளவு பேசுவாயா நீ?

பாவங்க, இங்கிலீஷ்காரங்க

மறு வாரமே புத்தகத்தை மூடச் சொன்னேன். தினம் இங்கிலீஷ் பீரியடின் கடைசிப் பகுதியில் ஒருத்தர் எழுந்து கதை சொல்ல வேண்டும். எந்தக் கதையும் சொல்லலாம். எப்படிப்பட்ட இங்கிலீஷும் பேசலாம். நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். முதல் ஆள் மாதம்மாள்.

எழுந்து வந்தாள். வாயைத் திறக்கவில்லை.

“என்னா மாதம்மா?”

“ம் கொட்டறது யாருங்க டீச்சர்?”

“எதுக்கு ம் கொட்டணும்?”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ம் கொட்டலைன்னா தூங்கிட்டாங்கன்னு அர்த்தங்க. தூங்கறவங்களுக்கு யாராச்சும் கத சொல்லுவாங்களா?”

வகுப்பே அவள் கட்சி. அந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் உண்டு, கன்னடம் பேசுகிற பிள்ளைகளும் உண்டு. எங்க வூட்டுல ‘ஊ’ சொல்லுவோம் என்றது ஒன்று. எங்க வூட்டுல ‘ஹூம்’ என்றது இன்னொன்று. எந்த பாஷையானாலும் கேட்கிறவன் சத்தம் கொடுக்காமல் கதை நகராது என்பதில் மூன்று கூட்டமும் ஒரே கூட்டம்.

“இங்கிலீஷ்காரங்க கத கேக்கறப்ப என்னாங்க சொல்லுவாங்க?” என்று கேட்டாள் மாதம்மாள்.

நான் காலேஜில் படித்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். பேராசிரியர் கதை படிப்பார். நாங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவோம். “ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சும்மா உக்காந்திருப்பாங்க.”

“பாவங்க” என்றாள் மாதம்மாள்.

சரி, ம் கொட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் “ம்” என்றால் அது சின்னச் சத்தமா? பக்கத்து வகுப்பில் கணக்கு வாத்தியார். இடையில் சுவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு தட்டி. மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“டீச்சரம்மா, நான் போர்டுல முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டிக் காட்டறன். என் பசங்க ‘ம்’னு சொல்றானுங்க. அடுத்த ஸ்டெப்புக்கும் ‘ம்’ங்கறானுங்க. கடசில நிரூபிச்சு முடிச்சா, ‘அப்பறம்?’ங்கறானுங்க. அப்பறம் என்னாம்மா அப்பறம்? முக்கோணத்துக்குக் கல்யாணமா பண்ணி வெக்கறது?”

அவருடைய மகன் இதைப் படித்தால் கோபப்படக் கூடாது. உங்கள் அப்பா தங்கமான மனிதர். அன்றைக்குக் கொஞ்சம் கொதித்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

பார்க்காததைப் பார்த்த மாதிரி

சத்தத்தைக்கூட ஹெட்மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். எங்களை மாட்டிவிட்டது வேறு. ஒரு விகுதி.

முதல் நாள் கதையில் மாதம்மாள் ஆரம்பத்திலேயே திரும்ப நின்றாள். “டீச்சர், ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.’ இதுல ‘இருந்தாராம்’க்கு இங்கிலீஷ்ல என்னங்க?”

“தேர் வாஸ் எ கிங்.”

“அது ‘இருந்தார்’ங்க. நான் ‘இருந்தாராம்’ கேக்கறன்.”

“இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணுதான்.”

“அதெப்படிங்க? ராஜாவ நாம பாத்தமா? பாக்காததப் பாத்த மாதிரி சொன்னா பொய் ஆயிராதுங்களா?”

அவளுக்குக் குறும்பு கிடையாது. நிஜமான கவலையோடு கேட்டாள். மொத்த வகுப்பும் என்னைப் பார்க்கிறது. இந்த ‘ஆம்’ இல்லாமல் ஒரு கதையை ஆரம்பிக்கச் சொல்கிறாளே, இந்த டீச்சருக்கு மனசாட்சியே இல்லையா என்கிற மாதிரி. எனக்கும் யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. நம் ஊரில் கதை சொல்கிறவன் முதல் வரியிலேயே கையைக் கழுவிவிடுகிறான். எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன், சத்தியம் செய்யச் சொல்லாதே என்று அந்த ஒற்றை ‘ஆம்’ சொல்லிவிடுகிறது.

“இட் சீம்ஸ்னு சேத்துக்கோ” என்றேன். தோன்றுகிறது, தெரிகிறது என்று அர்த்தம் வரும். நூற்றுக்கு நூறு பொருந்தாது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், பார்க்கலாம்.

அவ்வளவுதான், மடை திறந்தது. தேர் வாஸ் ஒன் கிங், இட் சீம்ஸ். ம். ஹி ஹாட் நோ சில்ட்ரன், இட் சீம்ஸ். ம். ஹி வென்ட் டு ஃபாரஸ்ட், இட் சீம்ஸ். ம். வகுப்பில் வாயே திறக்காதவனெல்லாம் அந்த இட் சீம்ஸைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினான். ஒரு வாக்கியத்தை எப்படி முடிப்பது என்கிற பயம்தான் அவர்களுக்குப் பாதி பயம். இப்போது முடிவு கைவசம் இருந்தது.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது லீவு லெட்டரில் ஏறியது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், இட் சீம்ஸ்’ என்று எழுதி ஒருவன் அனுப்பிவிட்டான். ஹெட்மாஸ்டர் அந்தக் காகிதத்தை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இவனுக்குக் காய்ச்சலாம்மா?”

“ஆமாங்க சார்.”

“காய்ச்சல் அடிக்குதாம்னு எழுதியிருக்கான்! அவன் ஒடம்புல காய்ச்சல் அடிக்குது, அத யாரோ அவன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போன மாதிரி!”

பையனைக் கேட்டேன். “எனக்குத் தெரியலைங்க டீச்சர். எங்க ஆயாதான் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுச்சு” என்றான். இலக்கணப்படி அவன் எழுதியது சரி. இதை ஹெட்மாஸ்டரிடம் விளக்கப் போனதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

“இந்தா பாரும்மா, இன்ஸ்பெக்‌ஷன் வருது. உன் வேலையும் இருக்குது, என் மானமும் இருக்குது. கத கித ஒண்ணும் கூடாது. மூணாவது பாடத்த வாசிக்கச் சொல்லு. முடிஞ்சுது.” அதோடு விடாமல், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவரே என் வகுப்புக்கு வந்து பிரம்பை மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். “நாளைக்கு எவனாச்சும் ‘ம்’னு ஒரு சத்தம் கொடுத்தீங்க, தோல உரிச்சுப் போடுவன்.”

களி மெல்லக் கூடாது

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். சிரிப்பு என்பது அவருடைய பயணப்படியில் சேராது போலிருக்கிறது என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வார்கள். வகுப்புத் தலைவன் மூணாவது பாடத்தை எடுத்து இரண்டு வரி ஓட்டியதுமே அவர் கையைத் தூக்கிவிட்டார்.

“க்ளோஸ் தி புக்ஸ். இது உங்களுக்கு மனப்பாடம்னு தெரியுது. யாராவது எழுந்து ஏதாவது பேசுங்க. இங்கிலீஷ்ல. எனிதிங்.”

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்தது அப்போதுதான். மாதம்மாள் எழுந்ததும் அப்போதுதான். கரடி ஒன்று இருந்ததாம் என்று ஆரம்பித்து, வழக்கம்போல ம்முக்காக நின்றாள். ம் வரவில்லை. பிள்ளைகள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோல் அவரவருக்கு முக்கியம்.

ம் இல்லாவிட்டால் அவள் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லலாமா? சொன்னால் டீச்சரே சத்தம் போட்டாள் என்று ஆகும். போச்சு, எல்லாம் போச்சு, சேலத்துக்காரருக்கு வெள்ளை வேட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து புருவத்தைத் தூக்கினார். “ம்?”

மாதம்மாள் முகம் மலர்ந்தது. “தட் பேர் கேம் டு மை அங்கிள்ஸ் கிரவுண்ட்நட் ஃபீல்டு, இட் சீம்ஸ்.” மாமாவின் கடலைக் காட்டுக்குக் கரடி வந்ததாம். நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

“ம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மை அங்கிள் வாஸ் சிட்டிங் ஆன் பரண், இட் சீம்ஸ்.”

“ம்.”

“பேர் சாட் டவுன் பிலோ, இட் சீம்ஸ். பேர் லுக்டு அட் மை அங்கிள். மை அங்கிள் லுக்டு அட் பேர்.”

“ம்... ஒன் மினிட். வாட் இஸ் திஸ் ‘இட் சீம்ஸ்’? கரடி வந்துச்சா, வரலையா?”

மாதம்மாள் அசரவில்லை. “கேம், சார். பட் ஐ டிட் நாட் சீ, சார். மை அங்கிள் ஸா. மை அங்கிள் டோல்டு. ஸோ, இட் சீம்ஸ், சார்.” வந்தது, நான் பார்க்கவில்லை, மாமா பார்த்தார், மாமா சொன்னார், அதனால் ‘ஆம்’.

இன்ஸ்பெக்டர் எதையோ எழுதப்போன பேனாவை மூடினார். எனக்கு அந்த நேரத்தில் வேலை, கல்யாணம், ஓலை எல்லாம் மறந்துபோயிற்று. கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண், யாரும் எழுதிக் கொடுக்காத கேள்விக்கு, இங்கிலீஷில், முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

கதை போயிற்று. மாமாவிடம் சாப்பாட்டுத் தூக்கு இருந்ததாம். ம். கரடியை விரட்ட வேறு எதுவும் இல்லாமல் தூக்கிலிருந்த களியை எடுத்து எறிந்தாராம்.

“களி? வாட் இஸ் களி?” நெல் ஊர்க்காரர் கேட்டார்.

மாதம்மாள் இரண்டு கையாலும் உருட்டிக் காட்டினாள். “ராகி, சார். ரவுண்ட், சார். ஹாட், சார். நோ சூயிங், சார். ஒன்லி ஸ்வாலோயிங்.” களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். எங்கள் ஜில்லாவில் பால் பல் முளைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்கிற விஷயம்.

“ஐ ஸீ. ம்.”

“பேர் டஸ் நாட் நோ, இட் சீம்ஸ்.” குரலை இறக்கினாள். “பேர் சூட்.”

கரடிக்குத் தெரியாது. மென்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையோடு “ஐயையோ” என்றார். இன்ஸ்பெக்டர் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “ம், ம்” என்றார்.

“அப்பர் டீத், லோயர் டீத், ஃபுல் களி, சார். மவுத் நாட் ஓப்பனிங். பேர் காட் ஆங்கிரி, இட் சீம்ஸ். பேர் காட் அப். பேர் கேட்ச் தி பரண்...”

மணி அடித்துவிட்டது.

“ரிமெய்னிங் டுமாரோ, சார்” என்று சொல்லிவிட்டு மாதம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அது எங்கள் வகுப்பு வழக்கம். மணி அடித்தால் ராஜாவானாலும் கரடியானாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டர் என்பதற்காக வழக்கத்தை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

வராந்தாவில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மிஸ், தட் ‘இட் சீம்ஸ்’ இஸ் ஹாரிபிள். திருத்துங்க.”

“சரிங்க சார்.”

நாலு எட்டு நடந்தவர் நின்று திரும்பினார். ஹெட்மாஸ்டர் முன்னால் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டார். “அந்தக் கரடி என்ன ஆச்சு?”

“தெரியலைங்க சார். எங்கிட்டயும் சொல்லல. நாளைக்குத்தான் சொல்லுவா.”

“அப்ப நாளைக்கு நீங்க இங்க இருந்தாகணுமே” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அது ஆசீர்வாதமா, மிரட்டலா என்று புரியாமல் நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நெலச்சிருச்சா, நெலச்சிருச்சாமா

மறுநாள் மாதம்மாள் கதையை முடித்தாள். கரடி பரணை உலுக்கியதாம், மாமா விழாமல் தொங்கினாராம், கரடி வாய் ஒட்டிப்போய் ஓடைக்கு ஓடித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டதாம். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அதே பரணுக்குக் கீழே வந்து சமர்த்தாக உட்கார்ந்து மேலே பார்த்ததாம். களிக்கு. இந்த முடிவை இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை. அந்த மனிதர் வாய் ஒட்டிய கரடியோடுதான் ரிட்டயர் ஆகியிருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் ஜில்லா கல்வி ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பினார். நேராக என்னிடம் வந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் இங்கிலீஷ்தான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, இங்கிலீஷில் சொன்னார்.

“மிஸ், யூ ஆர் கன்டின்யூயிங், இட் சீம்ஸ்.”

பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார், “ம்” என்றார். ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. கைக்குட்டையைத் தேடினார். ஆனால் அவர் சொன்னது சரி. ஆர்டர் இன்னும் வரவில்லை. ஆபீசில் யாரோ சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு வந்து சொல்கிறார். வேறு எப்படிச் சொல்வது?

மறுநாள் சனிக்கிழமை. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேட்டியில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“வேல என்னாச்சு பாப்பா?”

“நெலச்சிருச்சாம்ப்பா.”

அப்பா நின்றுவிட்டார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “நெலச்சிருச்சா, நெலச்சிருச்சாமா? ஒழுங்காச் சொல்லு. சேலத்துக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

ஆர்டரை நான் கண்ணால் பார்க்கவில்லை. மாதம்மாள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டாள். ஆனால் நல்லவேளை, அவள் அங்கே இல்லை.

“நெலச்சிருச்சுப்பா” என்றேன்.

அப்பா பையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நானும் கூட நடந்தேன். பைக்குள் எட்டிப் பார்த்தேன். ராகி மாவு இருந்தது, கடலை உருண்டை இருந்தது. அதற்கு மேல் யாரைப் பற்றியும் அவர் பேச்செடுக்கவில்லை. எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. ஹெட்மாஸ்டரில் ஆரம்பித்து, இன்ஸ்பெக்டருக்கு வந்து, கடலைக் காட்டுக்குப் போய், களியை எறிந்து, “அந்தக் கரடிக்கு என்னா தெரியும்? மென்னுருச்சாம்ப்பா!” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அப்பா முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, “ம்” என்றார்.